வான் எடுபடாத காலைகள்

இரண்டு கிழமையில் பள்ளிக்கூட நாட்கள் பத்து. அந்தப் பத்தில் ஆறு நாள் நாங்கள் வானைத் தள்ளித்தான் எடுத்தோம்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருப்பார். பின்பக்கம் நானும் அம்மாவும். முதல்நாள் மழை பெய்திருந்தால் எதிர்வீட்டு அண்ணையும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஈர மண்ணில் செருப்பு வழுக்கும் என்பதால் வெறுங்காலோடுதான் தள்ளவேண்டும். காலை ஐந்து மணி. பாலையூற்று ஒழுங்கைகளில் அந்த நேரம் நாய்கள்கூடக் குரைக்க அலுப்புப்பட்டுக் கிடக்கும். வான் மெல்ல அசையும். பிரதான வீதிக்குப் போகும் இறக்கத்தில் கொஞ்சம் வேகம் பிடிக்கும். அப்பா கிளச்சை விடுவார். அது ஒருமுறை விக்கிவிட்டு நின்றுபோகும்.

"இன்னொருக்கா," என்று ஜன்னலால் அப்பாவின் குரல் வரும். அதில் கோபமும் இருக்காது, அவசரமும் இருக்காது.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ அது பிடிக்கும். கரும்புகை முகத்தில் அடிக்கும். அம்மா இருமிக்கொண்டே, போங்கோ போங்கோ என்று கையைக் காட்டுவார். அதற்குள் ஐந்தே முக்கால் ஆகியிருக்கும்.

எங்கள் வீட்டை நடத்தியது அந்த வானின் காலை ஓட்டம்தான். திருகோணமலை நகரத்தில் வீடுள்ள ஆறு ரீச்சர்மாரையும் உடற்கல்வி ஆசிரியரான ஒரு சேரையும் ஏற்றிக்கொண்டு அப்பா சம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போவார். உவர்மலையில் முதல் ரீச்சர் ஏறுவார். பிறகு மற்றவர்களைப் பொறுக்கிக்கொண்டு, சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் ஏறி, மூதூர், கட்டைபறிச்சான் என்று போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். பள்ளிக்கூடம் விடும்வரை அப்பா அங்கேயே மர நிழலில் காத்துக் கிடந்து அவர்களைத் திருப்பிக் கொண்டுவருவார். கலியாண வீட்டு ஹயர், கோயில் ஹயர் எல்லாம் வரும், போகும். நிலையானது இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகத்தில் ஏழரைக்கு அதிபர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அதற்கு முன் வந்தவரின் கையெழுத்து கோட்டுக்கு மேலே. ஒரு நிமிடம் பிந்தி வந்தவரின் கையெழுத்து கோட்டுக்குக் கீழே. கீழே வைத்தவை சேர்ந்தால் லீவில் வெட்டு விழும். அவ்வளவு தூரம் தினமும் போய்வரும் ஒரு ரீச்சருக்கு லீவு என்பது பிள்ளையின் காய்ச்சலுக்கும் மாமியாரின் கண் ஒப்பரேஷனுக்கும் என்று பொத்திப் பொத்தி வைத்திருப்பது. அதை எங்கள் வானுக்காக யாரும் செலவழிக்கமாட்டார்கள். வான் காலையில் எடுபடாவிட்டால் அவர்கள் வேறு வானில் போய்விடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் வரும். நான் பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியல் படித்து முடித்து, நியமனம் வரும் வரும் என்று வீட்டில் இருந்த காலம் அது. "எங்கட மகன் கரண்ட் படிச்சவர்" என்று அப்பா வானில் வருபவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் படித்த கரண்ட் தாளில் ஓடுவது. விடை சரியாக வந்தால் அடியில் இரண்டு கோடு போட்டு முடித்துவிடலாம். அதை அப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், மீற்றரை எடுத்துக்கொண்டு வானுக்குள் இறங்கினேன்.

முதலில் பற்றறியைச் சந்தேகித்தேன். அதைக் கழற்றி வீட்டுக்குள் கதிரைக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது விடிய அப்படியே இருந்தது. திரும்ப வானில் பூட்டியபோது விடியச் சார்ஜ் இறங்கியிருந்தது. ஆகவே பற்றறியில் பிழை இல்லை. வான் நிற்கும் நேரத்தில் அதற்குள் ஏதோ ஒன்று இருந்து குடிக்கிறது. ஓடிக் களைத்து நிற்கும் வானுக்குள் களைக்காத ஏதோ ஒன்று.

அதைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. பற்றறியின் ஒரு பக்கத்து வயரைக் கழற்றி, இடையில் மீற்றரை வைத்தால், எவ்வளவு மின் கசிகிறது என்று அது காட்டும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் கள்ளன். அப்பா ஓட்டம் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்திருக்கும் பின்னேரங்களில், வான் நிற்கும் தகரக் கொட்டிலின் வெக்கைக்குள் குந்தியிருந்து இதைச் செய்தேன். ஒவ்வொரு நாளும் தொடங்க முதல், "அப்பா, திறப்பைக் கழட்டித் தாங்கோ" என்பேன். அவர் எழுந்து வந்து, ஜன்னலால் கையை விட்டுத் திறப்புச் சாவியைக் கழற்றித் தருவார். சோதனை முடிந்ததும் நான் அதை அவர் கையில் கொடுப்பேன்.

எனக்கு முதலில் பயமாக இருந்தது என்னுடைய சொந்த வேலையைப் பற்றித்தான். தைப்பொங்கலுக்குக் கட்டாரிலிருந்து வந்த மச்சான் பாட்டுக்கு ஒரு புதுச் செற்றும், சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு பெட்டியும் கொண்டுவந்து தந்திருந்தார். பின் சீற்றில் இருப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்பதில்லை என்ற முறைப்பாடு நெடுநாளாக இருந்தது. பெட்டியைப் பின் சீற்றுக்குக் கீழே வைத்து நானேதான் வயர் இழுத்தேன். அதற்கு மின் போகும் வழியைத் திறப்பிலிருந்து எடுத்தேன். திறப்பைக் கழற்றினால் பெட்டிக்கு மின் நின்றுவிடும். புத்தகங்களில் சொல்லியிருப்பதும் அப்படித்தான். இருந்தாலும் முதலில் அந்தப் பியூஸைத்தான் பிடுங்கிப் பார்த்தேன். மீற்றரில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் மற்றப் பியூஸ்களைப் பிடுங்கியபோதும் ஒன்றும் அசையவில்லை. மீற்றர் காட்டிய கசிவு அவ்வளவு சிறியது. அந்தக் கணக்கில் வான் ஒரு மாதம் சும்மா நின்றாலும் எடுபடவேண்டும். அது பதினைந்து மணித்தியாலம் தாங்கவில்லை.

கண்ணில் பட்ட பிழைகளையெல்லாம் திருத்தினேன். துறைமுகத்து உப்புக்காற்று ஏறி, பற்றறியிலிருந்து வானின் உடம்புக்குப் போகும் வயரின் முனை பச்சை பூத்திருந்தது. சுரண்டி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, கிறீஸ் பூசினேன். அடுத்த நாள் வான் ஒரு அடியில் எடுபட்டது. அப்பா அன்று தேத்தண்ணீரைக் கதிரையில் இருந்து ஆறுதலாகக் குடித்தார். அதற்கு அடுத்த நாள் தள்ளினோம். பிறகு, தள்ளுகதவை மூடினாலும் உள்லைற்றின் சுவிச் அரைவாசியில் இறுகி நிற்பதைக் கண்டுபிடித்தேன். அதை மாற்றினேன். ஒருநாள் எடுபட்டது, மறுநாள் தள்ளினோம். பின்லைற்றுக்குள் தண்ணீர் நின்றது. துடைத்தேன். அடுத்த நாளே தள்ளினோம். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நல்ல காலைதான் ஆளைக் கொன்றது.

"ஒருநாள் எடுக்குது, ஒருநாள் எடுக்குதில்லை. மனிசரைப் போலத்தான்," என்றார் அம்மா, உள்ளங்கையில் ஒட்டிய சேற்றைக் கழுவியபடி.

இரண்டாம் கிழமை புதன்கிழமை, ஓடும்போது டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்க்க நானும் அப்பாவோடு போனேன். அது ஒழுங்காகத்தான் பண்ணியது. அன்று காலையும் தள்ளித்தான் புறப்பட்டோம். கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. அது இரண்டாவது தடவை. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் ஏறி இருந்த பிறகு அப்பா திறப்பைத் திருப்பினார். கிடுக் என்று ஒரு சத்தம். வேறொன்றும் இல்லை.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கைப்பைகளைச் சீற்றில் வைத்தார்கள். குடைகளை மடித்தார்கள். பள்ளிக்கூட வாசலில், வீட்டுக்குப் போகாமல் நின்ற மாணவர்கள் முழுப்பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு ரீச்சர்மாரும் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு வானின் பின்பக்கம் போனார்கள்.

"விளையாட்டுப் போட்டிக்கு எங்களையும் ஒரு நிகழ்ச்சியில போடுங்கோ சேர்," என்றார் எல்லோரிலும் இளையவரான சின்ன ரீச்சர். "வான் தள்ளல், பெண்கள் பிரிவு."

"பிடிக்கிற பிடி பிழை ரீச்சர்," என்றார் உடற்கல்விச் சேர். "முழங்காலை மடிச்சு, தோளைக் குடுத்துத் தள்ளவேணும்."

"சீலையோட தோளைக் குடுக்கிறதோ? நீங்கள் குடுங்கோ. நாங்கள் விசில் ஊதுறம்."

மதிலில் ஏறி இருந்த பொடியள் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணிக் கொடுத்தார்கள். மூன்றுக்கு வான் நகர்ந்தது. பிடித்ததும் பொடியள் கைதட்டினார்கள். சின்ன ரீச்சர் திரும்பி அவர்களுக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வான் ஓடத் தொடங்கிய பிறகு அந்தச் சிரிப்பு கட்டைபறிச்சான் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

பேசத் தொடங்கியவர் உவர்மலை ரீச்சர். கணித பாடம். எல்லோருக்கும் மூத்தவர். அப்பாவின் வானில் முதன்முதல் வந்தவரும் அவர்தான். மற்றவர்களைச் சேர்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"அண்ணை, நான் கோவத்தில சொல்லேல்லை," என்றார். "ரெண்டுதரம் கோட்டுக்குக் கீழ வைச்சிட்டம். மூண்டாந்தரம் வைச்சா அரைநாள் லீவு போயிடும். மூதூர் வரைக்கும் வாற ஒரு வான் இருக்கு. கேட்டா இஞ்சாலையும் வருவினமாம். இன்னொருக்காப் பிந்தினா நாங்கள் அதில போகத்தான் வேணும்."

"ஓம் ரீச்சர்," என்றார் அப்பா. "மகன் பாக்கிறவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மடியில் இருந்த மீற்றரைப் பார்த்தேன்.

வியாழன் ஒரு அடியில் எடுபட்டது. வெள்ளி எடுபடவில்லை. மழை. எதிர்வீட்டு அண்ணை வந்தும் ஐந்து தடவை தள்ளினோம். ஏழு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அப்பா பின்னேரம் வந்து சொன்னார். உவர்மலை ரீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை," என்றார். அதுதான் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே வானைத் திருப்பிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனோம். அங்கே வாகன வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவர் இருந்தார். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். அவர் திறப்பைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, தன் மீற்றரை வைத்து நான் செய்ததையெல்லாம் கால்வாசி நேரத்தில் செய்து பார்த்தார்.

"பற்றறி நல்லா இரிக்கி மகன். டைனமோவும் நல்லா இரிக்கி. இந்தப் பாட்டுப் பெட்டிக்கு வயர் இழுத்த ஆரு?"

"நான்தான் பாஸ்."

"படிச்ச புள்ளைர வேல மாதிரித்தான் இரிக்கி. வயருக்கு வயர் பேர் எழுதி ஒட்டி வெச்சிரிக்கீங்க. பொறந்த தேதிய மட்டும் எழுதல்ல."

அவர் வானை இரவு தன் வளவில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பப் போனபோது பாஸ் மேசையிலிருந்த திறப்பை எடுத்து, உள்ளே போட்டு, எங்கள் கண்ணுக்கு முன்னால் திருப்பினார். ஒரு அடி. வான் எடுபட்டது.

"என்ட வளவில உசிரோட கெடக்கு. ஒங்கட வளவில மவுத்தாகுது," என்றார் பாஸ். "நான் என்னத்தச் செய்யிற? வானுக்கு ஒங்கட ஊடு புடிக்கல்ல போல."

திரும்பி வரும் வழியில் கிண்ணியாப் பாலத்தில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "வான் விடுற இடத்தில ஒரு கறையான் புத்து இருக்கு. கண்டனியோ?"

புற்றுக்கும் பற்றறிக்கும் என்ன என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. ஈர மண்ணால், ரயரால் மின் கசிய வழி உண்டா என்று நான்கு வருடம் பௌதிகவியல் படித்த நானும் பாலம் முடியும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு களைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் தாண்டி உவர்மலை ரீச்சரின் அழைப்பு வந்தது. பரீட்சை விடைத்தாள் கட்டு ஒன்றை வானில் பின் சீற்றுக்குக் கீழே விட்டுவிட்டாராம்.

"நாளைக்கு எடுக்கலாம்தானே ரீச்சர்," என்றேன்.

"நாளைக்கு நான் அதில வரமாட்டன் தம்பி. பின்னேரம் கொண்டுவந்து தாருமன்."

போனை வைத்துவிட்டுத் தகரக் கொட்டிலுக்குப் போனேன். அப்பா உள்ளே படுத்திருந்தார். இந்த முறை சோதனைக்காக நான் போகவில்லை. திறப்பைக் கழற்றித் தரச்சொல்லி யாரையும் எழுப்பவுமில்லை. தள்ளுகதவைத் திறந்து, பின் சீற்றுக்குக் கீழே கையை விட்டுக் கட்டைத் தேடினேன். கை பாட்டுப் பெட்டியில் பட்டது. அது சூடாக இருந்தது.

வெயிலின் சூடு என்று முதலில் நினைத்தேன். பக்கத்திலிருந்த தகரத்தைத் தொட்டேன். அது குளிர்ந்துதான் இருந்தது. குனிந்து பார்த்தேன். பெட்டியின் மூலையில் ஒரு சிறிய சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. பாட்டு இல்லை, சத்தம் இல்லை. முன்னால் செற்று அணைந்திருந்தது. பெட்டி மட்டும் விழித்துக்கொண்டு கிடந்தது.

முன்பக்கம் போய்ப் பார்த்தேன். திறப்பு அதன் இடத்திலேயே இருந்தது. ஒரு சொடுக்குத் திருப்பியபடி.

நான் அப்படியே சாரதி சீற்றில் இருந்துவிட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் நான் கேட்க, அவர் ஜன்னலால் கையை விட்டுத் திறப்பைக் கழற்றித் தந்தது நினைவுக்கு வந்தது. ஓட்டம் முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்தெழும்பும் மனிதரின் வானில் திறப்பு ஏன் அதுவரைக்கும் கிடந்தது என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. நான் திறப்பைக் கழற்றுவித்து, பெட்டியை நானே நித்திரையாக்கிவிட்டு, பிறகு யார் விழித்திருக்கிறார்கள் என்று தேடியிருக்கிறேன். பாஸும் அதைத்தான் செய்தார். நான் நெடுநேரம் குந்தியிருந்து திருத்தி, திறப்பு பிந்தித் திரும்பிய நாட்களின் மறுநாள்தான் வான் எடுபட்டிருக்கிறது.

உள்ளே போனபோது அப்பா எழும்பி இருந்தார்.

"அப்பா, ஏன் திறப்பை வானிலேயே விடுறீங்கள்?"

"அது அதிலதான் கிடக்கும்," என்றார் அவர், நான் ஏதோ புதினம் கேட்டதுபோல.

"ஆரும் கொண்டு போனா?"

"இந்த வானையோ?" குசினிக்குள் இருந்து அம்மா சிரித்தார். "கள்ளன் தள்ளுறதுக்கு நாலு பேரையும் கூட்டிக்கொண்டெல்லோ வரவேணும்!"

"சரி, விடுறதெண்டா விடுங்கோ. ஏன் ஒரு சொடுக்குத் திருப்பி விடுறீங்கள்?"

"இல்லாட்டி ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு தள்ளவும் ஏலாது, திருப்பவும் ஏலாது."

"ஆர் அப்பா தள்ளப் போறது? நீங்கள் வீட்டிலதானே நிக்கிறீங்கள்."

"நான் நிக்காட்டி?"

"அம்மாவுக்கு வான் ஓடத் தெரியாது. எனக்கும் சரியாத் தெரியாது."

"ஆராவது தெரிஞ்சவன் வருவான்தானே," என்றார் அப்பா.

அம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். அம்மாதான் எப்போதாவது சொல்லியிருக்கிறார். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சண்டைக்குள் நாங்கள் சம்பூரை விட்டு வெளிக்கிட்ட வருடம் எனக்கு ஆறு வயது. அப்பா ஒருவருடைய உழவு மெசினை ஓடிக்கொண்டிருந்தார். அது எங்கள் வளவில்தான் நிற்கும். அன்று காலை அவர் ஒரு சாமான் வாங்கச் சைக்கிளில் கட்டைபறிச்சானுக்குப் போயிருந்தார். திறப்பு அவருடைய சேட்டுப் பொக்கற்றில். செல் விழுந்து வெடிக்கத் தொடங்கியதும் ஒழுங்கைச் சனம் எங்கள் வளவுக்குத்தான் ஓடி வந்தது. மெசினும் அதன் இழுவைப் பெட்டியும் அங்கே நின்றபடியால். ஓடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அதற்குள் இருந்தார்கள். திறப்பு இல்லை. கொஞ்ச நேரம் வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் நடந்தார்கள். அம்மா, இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கும் தங்கச்சியை அன்று இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்பா எங்களை வந்து கண்டுபிடித்தது நாலு நாளுக்குப் பிறகு. அப்போதும் திறப்பு பொக்கற்றில் இருந்ததாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இதை நான் வானோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக அவர் திறப்பை அப்படியே விட்டிருக்கிறார். அந்தச் சொடுக்கில் முன்பு மின் எடுக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தைப்பொங்கலுக்கு நான் அதில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொழுவினேன். திறப்பைக் கழற்றாமல் விடும் ஒரு மனிதர் இருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

கழற்றி ஆணியில் கொழுவுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வானுக்குப் போய், பெட்டியின் வயரை அந்தச் சொடுக்கிலிருந்து கழற்றி, அதற்கு அடுத்த சொடுக்குக்கு மாற்றினேன். இனித் திறப்பை இன்னும் ஒருமுறை திருப்பினால்தான் பெட்டிக்கு மின் போகும். வேலை இருபது நிமிடம்கூட இல்லை. பிறகு திறப்பைப் பழையபடி ஒரு சொடுக்குத் திருப்பி விட்டு, மீற்றரை வைத்துப் பார்த்தேன். கசிவு ஒன்றும் சொல்லும்படியாக இல்லை. இறங்கிக் கிடந்த பற்றறியைக் கழற்றி, சந்திக் கடையில் இரவு வரைக்கும் சார்ஜுக்குப் போட்டேன். சந்தோஷப்படவேண்டும் என்று தோன்றியது. ஆனால் கொஞ்சம் படுக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் உவர்மலைக்குப் போனேன். ரீச்சர் கேற்றடிக்கு வந்தார்.

"பிழை பிடிபட்டிட்டுது ரீச்சர்," என்றேன். "நாளைக்கு எடுக்கும்."

"போன கிழமையும் ரெண்டுதரம் கொப்பர் இப்பிடித்தானே சொன்னவர்?"

"இந்தமுறை உண்மையாப் பிடிபட்டிட்டுது."

"என்ன பிழையாம்?"

நான் யோசித்தேன். "பாட்டுப் பெட்டிக்கு நான் போட்ட வயர். நான்தான் பிழையாப் போட்டிருக்கிறன்."

அவர் கட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீர் படிச்சனீர் எண்டல்லோ கொப்பர் சொல்லுறவர்," என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கவேண்டும். குரல் தணிந்தது. "தம்பி, மற்ற வான்காரரிட்ட அஞ்சு பேர் வாறம் எண்டு சொல்லிப்போட்டம். அவரும் இடம் விட்டு வைச்சிருக்கிறார். நான் எப்பிடி இனி மாத்துறது? இந்த மாசம் ஓடட்டும். பிறகு பாப்பம். சேரும் சின்ன ரீச்சரும் எங்களோட வரேல்லை. உங்கட வானிலதான் வருவினமாம்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பிழை என்ன என்று சொன்னேன். வயரை மாற்றிவிட்டேன், திறப்பை அதிலேயே விடலாம், ஒன்றும் செய்யாது என்று சொன்னேன்.

"நான் விடத்தான் போறன்," என்றார். பிறகு கேட்டார், "அப்ப ரெண்டு பேர்?"

"ஓம். ரெண்டு பேர்."

"ரெண்டு பேரெண்டாலும் ஓடத்தானே வேணும்," என்றார்.

திங்கட்கிழமை காலை மழை பெய்து விட்டிருந்தது. அப்பா ஏறி இருந்தார். நானும் அம்மாவும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றோம். எதிர்வீட்டு அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். அப்பா திறப்பைத் திருப்பினார். ஒரு அடி. வான் எடுபட்டது. கையை நீட்டியபடி நின்ற அம்மா, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் வானின் பின்கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அண்ணை, "அப்ப நான் போய்ப் படுக்கிறன்," என்றார்.

நானும் ஏறிக்கொண்டேன். உவர்மலைக்குள் போகத் தேவையில்லை. சேரையும் சின்ன ரீச்சரையும் ஏற்றினோம். "மகன்தான் கண்டுபிடிச்சவர்," என்று அப்பா அவர்களுக்குச் சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலோரம் இருந்தார்கள். பாட்டுப் போடச்சொல்லி யாரும் கேட்கவில்லை. கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது கடல் வெளிக்கத் தொடங்கியிருந்தது. ஆள் குறைந்த வான் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளியது.

ஏழு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் உடற்கல்விச் சேர் விசிலைக் கழுத்தில் மாட்டியபடி வாசலுக்கு வந்து, "அண்ணை! இண்டைக்குப் புத்தகத்தில முதல் கையெழுத்து என்ரை!" என்று கத்தினார். அப்பா கையை உயர்த்திக் காட்டினார். அதற்குப் பிறகு மற்ற வான் வந்தது. ஐந்து ரீச்சர்மாரும் இறங்கினார்கள். உவர்மலை ரீச்சர் எங்கள் பக்கம் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவர்களுக்கும் கோட்டுக்கு மேலேதான்.

அப்பா வானை மர நிழலுக்கு எடுத்து நிறுத்தினார். பள்ளிக்கூட மணி அடித்தது.

"ஒண்டரை மட்டும் இருக்கவேணும்," என்றார். "நீ வேணுமெண்டாப் படு. ரெண்டு கிழமையா ஒழுங்கா நித்திரை இல்லை."

அவருக்கும் இல்லை. அவர் முன் சீற்றைச் சரித்துக்கொண்டு தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டார். நான் பின்னால் போனேன். வழமையாக நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும் சீற்று அது. காலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் இருந்தது.